என் பதிவும் அப்பாவின் கைலியும்

1

இங்கிலாந்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இன்னமும் "உங்கள் பதிவு தொடர்பாக" என்று தலைப்பிட்டு ஒரு மின்னஞ்சல் வந்தால் எனக்குப் பயம்தான். சென்ற செப்டம்பரில் அப்படி ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மூதாட்டிக்கு ஒற்றைக் கையால் சட்டை போடப் பழக்கிக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் பார்க்கக் கூடாது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். டப்பாவை அப்படியே மூடி வைத்தேன்.

என் வேலையை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவதே பெரும்பாடு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை கால் விளங்காமல் போனவர்கள், தலையில் அடிபட்டவர்கள், தள்ளாதவர்கள் ஆகியோர் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்ள வழி பார்ப்பவள். குளிப்பது, உடுத்துவது, டீ போடுவது, வீட்டுக்கு வெளியே போய்த் திரும்புவது எல்லாம் இதில் சேரும். மரக்காணத்தில் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லும் விளக்கம் இன்னும் சுருக்கம்: "டாக்டர் மாதிரிதான். ஆனா ஊசி போட மாட்டா."

இந்த வேலையைச் செய்ய இங்கே ஒரு பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது சிலரை மட்டும் குலுக்கலில் எடுத்து, "இந்த இரண்டு வருடத்தில் தொடர்ந்து கற்றுக்கொண்டீர்களா, காட்டுங்கள்" என்பார்கள். எங்கள் ஊர்த் திருவிழாக் குலுக்கலில் எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழுந்ததில்லை. இதில் விழுந்துவிட்டது.

சரியாகக் காட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடலாம். நீக்கினால் மறுநாள் வேலை கிடையாது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று வெளியே சொல்லிக்கொள்வதேகூடக் குற்றம். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "உன்னையா புடிச்சாங்க?" என்றார், டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனவளைப் பிடித்த மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2

அந்தப் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சென்னையில் படித்த கல்லூரியிலிருந்து, எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தேன் என்று முத்திரையோடு எழுதி வாங்க வேண்டும். அங்கிருந்த குமாஸ்தா, "எத்தினி மணி நேரம்னு யாரும்மா எண்ணிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கிலீஷ் பரீட்சை இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை அரை மதிப்பெண்ணில் போயிற்று. ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்துத்தான் பதிவு எண் வந்தது.

வந்தபிறகும் என் இங்கிலீஷ் என்னைக் காலை வாரியது. எனக்கு மேலே இருப்பவர் ஹெலன் என்ற அம்மாள். மாதம் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுவார். நான் ஒவ்வொரு தடவையும் "எனக்கு ஒரு டவுட்" என்று ஆரம்பிப்பேன். சந்தேகம் கேட்பதை நாம் அப்படித்தானே சொல்வோம்? அவர் பேச்சை நான் நம்பவில்லை என்று சொல்வதாக ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆறு மாதம் பதில் சொல்லியிருக்கிறார்.

இப்படிப் பட்டு வந்தவள் என்பதால் காகிதம் என்றால் எனக்கு உயிர். அதுவும் அப்பாவிடமிருந்து வந்தது. நான் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அரிசிப் பானையைத் தூக்க ஓடினாள். அப்பா என் மார்க் ஷீட்டை யூரியா சாக்கில் சுருட்டிப் பரண்மேல் சொருகிவிட்டுத்தான் அரிசிக்குக் கை கொடுத்தார். "அரிசி போனா வாங்கிக்கலாம்டி, இது போனா எவன் குடுப்பான்?" என்றார்.

ஆகவே, காட்டு என்றதும் காட்டிவிட்டேன். இரண்டு வருடத்தில் வாங்கிய நாற்பத்து மூன்று சர்டிபிகேட். நோயாளியைத் தூக்கும் முறை, தீ விபத்தில் செய்ய வேண்டியது, கிருமி பரவாமல் தடுப்பது, மறதி நோய், மடங்கிப்போன கை விரல்களுக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது என்று எல்லாம். பக்க எண் போட்டு, முன்னால் அட்டவணை வைத்து, ஒவ்வொரு நகலிலும் "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? பச்சை மைப் பேனா ஒன்று வாங்கிப் போய் ஹெலனிடம் கொடுத்து, நாற்பத்து மூன்றிலும் கையெழுத்து வாங்கினேன்.

"இது எதற்கு?" என்று கேட்டார்.

"இதெல்லாம் உண்மை என்று நிரூபிக்க."

"நீ பொய் சொல்வாய் என்று யார் சொன்னார்கள்?"

நம் ஊரில் அப்படி யாரும் கேட்டதில்லை. அவர் பாவம், கை வலிக்க வலிக்கப் போட்டுக் கொடுத்தார். மொத்தத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, அன்றைக்குக் கேசரி கிண்டினேன்.

3

திரும்பி வந்துவிட்டது.

மரியாதையான கடிதம்தான். நீங்கள் எவற்றில் கலந்துகொண்டீர்கள் என்பது தெரிகிறது. எதைக் கற்றுக்கொண்டீர்கள், அதனால் உங்கள் வேலையில் எது மாறியது, உங்களிடம் வருபவர்களுக்கு என்ன பயன் என்பது தெரியவில்லை. நான்கு வாரத்துக்குள் அதை எழுதி அனுப்பவும். பச்சை மையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சமையலறை மேசையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மகள் இனியா பால் எடுக்க வந்தவள் என் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். பதினேழு வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ஒரு காலத்தில் அதற்காகச் சண்டை போட்டேன். இப்போது பதில் வருகிறதே, அதுவே போதும் என்றாகிவிட்டது.

"அவர்களுக்கு உன் சர்டிபிகேட் வேண்டாம்மா. நீ எங்கே சொதப்பினாய், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய், அதுதான் வேண்டும். எங்கள் ஸ்கூலில் சின்ன வகுப்பிலிருந்தே இதை எழுத வைப்பார்கள்" என்றாள்.

"என் தப்பை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கவர்மெண்டுக்கு அனுப்பறதா? நல்ல கதையா இருக்குதே."

"அப்படியென்றால் ஃபெயில் ஆகு" என்று சொல்லிவிட்டு, பால் டம்ளரோடு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்துவதில் சத்தமே வராது. எங்கள் பக்கத்தில் கோபம் என்றால் கதவு அதிரும், தெருவுக்கே தெரியும். இவளுக்குக் கோபமா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

எழுத உட்கார்ந்தேன். "இந்தப் பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று ஒரு பக்கத்தில் ஏழு தடவை எழுதியிருந்தேன். அடித்துவிட்டு அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தேன். பதினேழாவது சர்டிபிகேட்டில் கை நின்றது. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஏற்படும் மனச்சோர்வு. அதை நான் வேலைக்காக எடுக்கவில்லை. அப்பாவுக்காக எடுத்தேன். அது தேவையே இல்லாத பயிற்சி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

4

அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. முப்பது வருடத்துக்குமேல் முதலாளியின் பாத்திகளைப் பார்த்துக்கொண்டவர். மழைக்காலம் போனதும் தண்ணீரை இறைத்துவிட்டு ஆட்கள் வரிசையாக நின்று களிமண்ணை மிதித்து மிதித்துத் தளத்தைக் கெட்டிப்படுத்துவார்கள். போதுமா போதாதா என்று அப்பா இறங்கிக் குதிகாலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துச் சொல்வார். அவர் போதும் என்றால்தான் தண்ணீர் கட்டுவார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று வார லீவில் ஓடினேன். ஒரு பெட்டி முழுக்கச் சாமான்: தடித்த கைப்பிடிக் கரண்டி, பொத்தான் மாட்டும் கொக்கி, குளிக்க உட்காரும் பலகை. கால் இழுத்து இழுத்து, இடது கையில் தடியோடு நடந்தார். வலது கை சும்மா தொங்கியது.

அம்மா அவருக்கு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், கைலி கட்டிவிட்டாள். நான் தடுத்தேன். "இப்படி எல்லாத்தையும் நீயே செஞ்சா அவருக்கு எப்பதான் வரும்?" என்று கத்தியிருக்கிறேன். அம்மா கைலியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கைலியை ஒற்றைக் கையால் இழுத்துச் சொருகவே முடியாது. நான் என்ன செய்தேன், திண்டிவனத்தில் தையல் கடைக்குப் போய் நான்கு கைலியை வெட்டி, இடுப்பில் ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்து வாங்கி வந்தேன். சுற்றி அழுத்தினால் நிற்கும். இரண்டாம் நாளே அப்பா தானாக உடுத்திக்கொண்டார். என் படிவத்தில் "இடுப்புக்குக் கீழ் உடை: பிறர் உதவியின்றி" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். சொந்த அப்பாவுக்குப் படிவம் போட்டவள் நான். அந்த டிக்கைப் பார்த்து அப்படி ஒரு பெருமை.

திரும்பி வந்த பிறகு வாராவாரம் வீடியோவில் பேசினேன். உடம்பு தேறியது. வெளியே மட்டும் போகமாட்டேன் என்றார். டீக்கடைக்கும் இல்லை, உப்பளத்துக்கும் இல்லை. யாராவது பார்க்க வந்தால் பாயில் படுத்துக்கொள்வார். மனச்சோர்வு என்று முடிவு கட்டினேன். இடது கையால் எழுதிப் பழகுங்கள் என்று நோட்டு வாங்கித் தரச் சொன்னேன். "எழுதி யாருக்கு நான் லெட்டர் போடப் போறேன்?" என்று நோட்டைத் தொடவே இல்லை. அப்போதுதான் பதினேழாவது சர்டிபிகேட் வாங்கினேன்.

5

இந்த வருடப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். "வாங்கப்பா, அளத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று இழுத்தேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன்.

மிதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் கைலியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிச் சேற்றில் நின்றார்கள். "வா மேஸ்திரி! இன்னா, ஆளையே காணோம்?" என்று சத்தம் போட்டார்கள். அப்பா சாலையோரம் தடியை ஊன்றி நின்றார். ஒட்டுப் பட்டைக் கைலி கணுக்கால் வரை தொங்கியது. அந்த நேரம் முதலாளி பைக்கில் வந்தார். பாத்தியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சட்டென்று மடித்த கைலியை இறக்கிவிட்டார்கள். முதலாளி அப்பாவிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் எல்லோரும் மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றை மிதித்தார்கள்.

அப்பா மட்டும் இறக்கிவிட்டபடியே நின்றார். "போலாம்மா" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் புலம்பினேன். "நல்லாத்தான் நடக்கறாரு, தானா துணி உடுத்தறாரு. அப்புறம் என்னாதான் குறை?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "ஏண்டி, அத்தினி படிப்பு படிச்சியே. அந்த ஒட்டுற கைலியை மடிச்சுக் கட்ட முடியுமா? கட்டுனாலும் ஒரு கையால இறக்கத்தான் முடியுமா?"

"முடியாது. அதுக்கென்னா இப்போ?"

"அதுக்கென்னாவா? மடிச்சுக் கட்டாம வரப்புல ரெண்டு அடி எடுத்து வைக்க முடியாது. பெரியவங்க வந்தா இறக்கி விடணும். இவரு காலம் பூரா இறக்கி விட்டுக்கினே நின்னா? இவருகிட்ட கூலி வாங்குனவன் எல்லாம் மடிச்சுக் கட்டிக்கினு நிப்பான், அவன் எதிர்ல இவரு இறக்கி விட்டுக்கினு நிக்கணுமா? மானஸ்தன்டி. அதான் போக மாட்றாரு."

"இதை ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? வந்ததுலேர்ந்து என்னை அதைச் செய்யாத இதைச் செய்யாதன்னுதானே சொல்லிக்கினு இருந்த."

எனக்கு அப்படியே அவமானமாக இருந்தது. அந்த உப்பளத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்தவள் நான். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், கைலி ஏறுவதையும் இறங்குவதையும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. என் புத்தியிலும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கே நான்கு கைலியிலிருந்தும் ஒட்டுப் பட்டையைப் பிரித்துப் போட்டேன். அம்மா பழையபடி காலையில் கட்டிவிட்டாள். ஆனால் ஒற்றைக் கையால் மடித்துக் கட்டவும் இறக்கவும் ஒரு வழி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா வீட்டிலேயே இருந்தார்.

6

அதற்கப்புறம் என் வேலையில் ஒன்று மாறியது. இதையும் எழுத வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு பெரியவர். பெயர் சொல்லக் கூடாது, திரு. ஆர். என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடது கை வராது. எல்லாக் கட்டத்திலும் "உதவியின்றி" என்று டிக் வாங்கியவர். ஆனால் வீட்டை விட்டு நகரமாட்டார். முன்பென்றால் மனச்சோர்வு என்று எழுதி அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருப்பேன். இந்தத் தடவை, "வெளியே போனால் யாரைப் பார்ப்பீர்கள்? பார்த்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நாங்கள் நான்கு பேர். என் முறை வந்தால் நான்தான் நான்கு கிளாஸையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கையோடு எப்படி? அடுத்தவன் வாங்கித் தருவதையே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன பிச்சைக்காரனா?" என்றார்.

எனக்கு முழுதாக விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து இனியாவைக் கேட்டேன். அவள் சிரித்தே விட்டாள். "ஆளுக்கு ஒரு தடவை எல்லோருக்குமாக வாங்க வேண்டும்மா. தன் முறையை விட்டவனை யாரும் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவ்வளவுதான், அவன் மானம் போயிற்று" என்றாள். அன்றைக்கு அரை மணி நேரம் எனக்கு இந்த ஊரைப் பற்றிப் பாடம் எடுத்தாள். அவள் என்னிடம் அவ்வளவு நேரம் பேசி நாளாகியிருந்தது. அவள் வேறெங்கோ போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் இந்த ஊருக்குள் போயிருக்கிறாள். வெளியே நின்றுகொண்டிருப்பது நான்தான்.

ஒரு கையால் தூக்கும்படி, மேலே ஒற்றைப் பிடி வைத்த தட்டு ஒன்று இருக்கிறது. கிளாஸில் தண்ணீர் ஊற்றி வைத்து மூன்று வாரம் பழக்கினேன். நான்காவது வெள்ளிக்கிழமை போனார். "அரை கிளாஸ் கொட்டிவிட்டேன். ஒருத்தனும் கண்டுகொள்ளவில்லை" என்றார். அப்படிச் சிரித்தார்.

இந்த இரண்டையும் சேர்த்து எழுதலாமா என்று ஹெலனிடம் கேட்டேன். இந்தத் தடவை "டவுட்" என்று சொல்லாமல் கேட்டேன். "எழுது. உன் அப்பா என்றும் சொல், உன் தவறு என்றும் சொல். மதிப்பிடுகிறவர்கள் மேலும் கேள்வி கேட்கலாம், அதற்குத் தயாராக இரு. ஆனால் உன் அப்பாவிடம் அனுமதி கேள். பெயர், ஊர் எதுவும் தெரியக் கூடாது" என்றார்.

கேள்வி கேட்பார்கள் என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேலை போனால் மறுபடி ஒரு வருடமும் இரண்டு மாதமும் காகிதம் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. நாற்பத்தைந்து வயது ஆகிறது.

7

ஒரு சனிக்கிழமை காலை அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.

"அப்பா, உங்களைப் பத்தி ஆபீஸ்ல எழுதணும். எழுதட்டுமா?"

"என்னைப் பத்தி எழுத என்னா இருக்குது?"

"அந்த ஒட்டுப் பட்டைக் கைலி. அது நான் பண்ண தப்புன்னு எழுதணும்."

போனில் அவர் முகம் மாறியது. "தப்புன்னா எழுதப் போற? உனுக்கு என்னா பைத்தியமா? வேலையை எடுத்துடுவானுங்கம்மா! என் மேல எழுது. சொன்ன பேச்சு கேக்காத ஆளு, திமிரு புடிச்சவன்னு எழுது. எனுக்கு என்னா ஆவப் போவுது?"

"அப்பிடி இல்லப்பா. இங்க தப்பை ஒத்துக்கிட்டாதான் பாஸ்."

"எந்த ஊர்லடி அப்பிடி? யாரோ உன்னை நல்லா ஏமாத்துறானுங்க."

எவ்வளவோ சொன்னேன். கடைசியில், "சரி, எழுதிக்க. ஆனா வாய் வார்த்தைய எந்த ஆபீஸ்ல எடுத்துக்குவான்?" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஐந்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட தாள். அம்மாவின் எட்டாம் வகுப்புக் கையெழுத்து. "என் மகள் குமுதா என்னைப் பற்றி எழுதிக்கொள்ள எனக்குப் பூரண சம்மதம். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை." கீழே கோணல்மாணலாக, கன்னியப்பன். கைநாட்டு இல்லை, கையெழுத்து. அதற்கும் கீழே பச்சை மை, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரின் சீல்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "இது யார் கையெழுத்து?"

"அவருதுதான். நீ வாங்கித் தரச் சொன்னியே நோட்டு, அதுல நாலு நாளா இடது கையால போட்டுப் போட்டுப் பாத்தாரு. நோட்டே தீந்துபோச்சு."

"எச்.எம். கிட்ட நீ போனியா?"

"நான் எங்க போனேன்? அவரேதான் போனாரு, பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தே."

"கைலி?"

"இறக்கி விட்டுக்கினுதான் போனாரு. தெரு பூரா, அத்தினி பேர் எதிர்லயும். மழை பேஞ்சு சேறு வேற, கைலிக் கரையெல்லாம் சேறு. தடுக்கி விழுந்துடப் போறாருன்னு நான் பின்னாடியே போனேன். 'கூட வராத, எட்டி வா'ன்னு திட்டுனாரு. டீக்கடைல இருந்தவங்க எழுந்து நின்னு பாத்தாங்க. இவரு யாரையும் பாக்கலடி. நேரா போனாரு, வாங்குனாரு, நேரா வந்தாரு."

நான் சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன். இனியா இறங்கி வந்தவள் போனில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. "இது தாத்தாவா எழுதினார்?" என்று கேட்டாள். ஒரு முழுத் தமிழ் வாக்கியம். ஆமாம் என்றேன். எனக்குத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

அன்று இரவே எழுதி முடித்தேன். "என் தந்தை" என்று ஆரம்பித்தேன், "நான் அவரிடம் கேட்கவில்லை" என்று முடித்தேன். அந்தத் தாளை இணைக்க முடியவில்லை. பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சீல் இருக்கிறது. எல்லாவற்றையும் கறுப்பால் மறைத்தாலும், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்ற வரி மிஞ்சி நிற்கும். நான் எழுதியது அதற்கு நேர் எதிர்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தேவையான தரத்தை நிறைவு செய்திருக்கிறீர்கள். ஒரே வரி. கேள்வி எதுவும் இல்லை. சந்தோஷம்கூட வரவில்லை, உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்கு நான் நான்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்குச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அந்த லெட்டர்ல சீலு தெளிவா உழுந்திருந்துதா? மை கொஞ்சம் கம்மியா இருந்துது."

"தெளிவா இருந்துதுப்பா. அதைப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்க."

"பின்ன?" என்றார் அப்பா. "சும்மாவா போயிட்டு வந்தேன்?"